கிருமி போன பின்னும் போகாத கடுப்பு

பால்வினை நோய்க்கான மாத்திரைகளை முறையாகச் சாப்பிட்டு முடித்தவர்களில் ஒரு பகுதியினர், சில வாரங்கள் கழித்து அதே குறையோடு திரும்பி வருகிறார்கள். நீர் பிரியும்போது எரிச்சல், போய் முடித்த பிறகும் இரண்டு சொட்டு மிச்சம் இருப்பது போன்ற உணர்வு, அடிவயிற்றில் கனம், விரைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் உட்காரவிடாத வலி. பெண்களென்றால் இடுப்பைப் பிடித்து இழுக்கும் நோவும் தாம்பத்தியத்தின்போது வலியும் சேர்ந்துகொள்ளும். இவர்களுக்கு வழக்கமாகக் கிடைப்பது இரண்டில் ஒன்று: இன்னொரு கோர்ஸ் ஆன்டிபயாடிக், இல்லாவிட்டால் ‘உடம்பில் ஒன்றுமில்லை, எல்லாம் மனசுதான்’ என்ற தீர்ப்பு. சோதிக்காமல் சொல்லப்படும்போது இரண்டுமே குருட்டுப் பதில்கள். தொற்று தொடங்கக் காரணமான கிருமி ஒன்றாக இருக்கலாம். தொந்தரவு நீடிக்கக் காரணம் முற்றிலும் வேறாக இருக்கலாம். எனவே இரண்டாம் முறை வருபவருக்கு மருந்துச்சீட்டு எழுதுவதற்கு முன்னால் சில கேள்விகளுக்கு விடை தேடியாக வேண்டும். ஆய்வுக்கூடம் கைக்கெட்டாத ஜவ்வாது மலை போன்ற இடங்களில் இதைச் செய்வது கடினம்; ஆனால் அங்கேதான் இது மிகவும் அவசியம்.

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் விரிந்து கிடக்கிறது ஜவ்வாது மலை. ஜமுனாமரத்தூர் அதன் மைய ஊர். இங்கு வாழும் மலையாளிப் பழங்குடி மக்களில் பலர், சாமை, தேன், புளி என்று மலை தருவது போதாத மாதங்களில் வெளியூருக்கும் வெளிமாநிலத்துக்கும் கூலி வேலைக்குப் போகிறார்கள். முதல் சிகிச்சைக்கு மலையிலேயே ஆரம்ப சுகாதார நிலையம் உண்டு. சிறுநீரியல் நிபுணரைப் பார்க்க வேண்டும், பெரிய சோதனை எடுக்க வேண்டும் என்றால் போளூர் வழியாகத் திருவண்ணாமலைக்கோ, ஆலங்காயம் வழியாக வேலூர்ப் பக்கமோ இறங்கியாக வேண்டும். ஒரு நாள் கூலி போகும். பஸ் காசு தனி. எதற்குப் போகிறாய் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல ஒரு பொய்யும் வேண்டும். பால்வினை நோய் மலைக்கோ சமவெளிக்கோ தனிச்சொத்து அல்ல. அது தீராதபோது அடுத்த படியை யார் எட்ட முடிகிறது என்பதில்தான் வித்தியாசம்.

இந்தத் தயக்கமும் தூரமும் எவ்வளவு பெரியவை என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யைச் சேர்ந்த மருத்துவர்கள் 1996-97இல் கிராமப்புறத்தில் 16 முதல் 22 வயது வரையுள்ள மணமான பெண்களிடம் ஓர் ஆய்வு நடத்தி 2005இல் வெளியிட்டார்கள். பிறப்புறுப்பு சார்ந்த தொந்தரவு இருப்பதாகச் சொன்னவர்கள் 53 சதவீதம். ஆய்வகச் சோதனையில் தொற்று தெரிந்தது 38 சதவீதம் பேரிடம். தொந்தரவு இருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எந்தச் சிகிச்சைக்கும் போகவில்லை. பக்கத்தில் பெண் மருத்துவர் இல்லை, மறைவாகப் பேச இடமில்லை, தூரம், செலவு, பெண்ணென்றால் இதெல்லாம் இருப்பதுதானே என்ற எண்ணம் ஆகியவை அவர்கள் சொன்ன காரணங்கள். அதற்கு முன்பே, 1989இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, பழங்குடியினர் நிறைந்த மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் ராணி பங், அபய் பங் தம்பதியர் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்தார்கள். 92 சதவீதம் பேருக்கு ஏதோவொரு மகளிர் நோய் இருந்தது. அதற்கு முன் ஒருமுறையேனும் அதற்காகப் பரிசோதிக்கப்பட்டவர்கள் வெறும் 8 சதவீதம். சி.எம்.சி. ஆய்வின் இரண்டு எண்களை அருகருகே வைத்துப் பார்த்தால் இன்னொன்றும் புலப்படும். தொந்தரவு இருந்த எல்லோரிடமும் கிருமி அகப்படவில்லை. கிருமி ஒரு கணக்கு, தொந்தரவு இன்னொரு கணக்கு.

கிருமி நிஜமாகவே போய்விட்டதா?

முதலில் கேட்க வேண்டியது இதுதான். மிகச் சாதாரணமான காரணம், துணைக்குச் சிகிச்சை கிடைக்காதது. கணவருக்குக் கேரளத்தில் வேலை செய்யும் இடத்தில் மாத்திரை கிடைத்துக் குணமாகியிருக்கும். ஊரில் இருக்கும் மனைவிக்கு அதே கிருமி எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கும். பொங்கலுக்கு ஊர் திரும்பியதும் மறுபடி தொற்றிக்கொள்ளும். இதை மருந்து கேட்கவில்லை என்று எடுத்துக்கொள்வது தவறு. இருவரும் ஒரே சமயத்தில் மருந்து சாப்பிட்டு, ஒற்றை வேளை மருந்தானால் ஏழு நாளும், பல நாள் மருந்தானால் அது முடியும் வரையும் உறவைத் தவிர்த்தால்தான் சிகிச்சை முழுமையாகும். சோதனையை அவசரப்பட்டுச் செய்வதும் குழப்பும். மரபணு அடிப்படையிலான சோதனைகள் செத்த கிருமியின் எச்சத்தையும் பிடித்துவிடும் என்பதால், கிளமிடியா என்ற பால்வினைக் கிருமிக்கு மருந்து முடிந்து நான்கு வாரம் ஆவதற்குள் எடுத்த சோதனையில் ‘பாசிட்டிவ்’ என்று வந்தால் அது தோல்விக்கு அத்தாட்சி ஆகாது.

அடுத்தது, முதலில் கொடுத்த மருந்தின் குறியிலேயே இல்லாத கிருமி. நம் நாட்டுத் திட்டத்தில் பல ஆண்டுகளாக வழங்கப்படும் சாம்பல் நிற ‘கிட் 1’ பெட்டியை எடுத்துக்கொள்வோம். சிறுநீர்த் தாரையில் சீழ் அல்லது நீர் வடிகிறவர்களுக்கான அந்தப் பெட்டியில் இருப்பவை ஒரு கிராம் அசித்ரோமைசின், 400 மில்லிகிராம் செஃபிக்சிம். வெட்டை நோய்க்கும் கிளமிடியாவுக்கும் சேர்த்து ஒரே வேளையில் மருத்துவர் கண்முன்னே விழுங்கிவிடலாம். ஆனால் 1981இல் மருத்துவ உலகுக்கு அறிமுகமான மைக்கோபிளாஸ்மா ஜெனிட்டாலியம் என்ற நுண்ணுயிருக்குச் செல்சுவரே கிடையாது. செல்சுவரைத் தாக்கும் செஃபிக்சிம் அதை ஒன்றும் செய்யாது. அசித்ரோமைசினுக்கோ அது உலகெங்கும் எதிர்ப்பாற்றலை வளர்த்துக்கொண்டு வருகிறது. டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணிக்கும் இந்தப் பெட்டியில் மருந்தில்லை; அதற்கு மெட்ரோனிடசோல் வகை மருந்து தேவை. ஆக, அதே பெட்டியை இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் நீட்டுவதில் பொருளில்லை.

ஆய்வகம் இல்லாமலே இதில் ஓரளவு துப்புத் துலக்க முடியும். பழைய பால்வினை நோய் மருத்துவர்கள் செய்துவந்த இரண்டு டம்ளர் சோதனைக்கு வேண்டியதெல்லாம் இரண்டு கண்ணாடி டம்ளரும் வெளிச்சமும்தான். சில மணி நேரம் நீர் கழிக்காமல் இருந்தவர் முதல் டம்ளரில் கொஞ்சமும் இரண்டாவதில் மீதியும் பிடிக்க வேண்டும். முதல் டம்ளர் மட்டும் கலங்கலாகி, அதில் நூல் நூலாக ஏதோ மிதந்து, இரண்டாவது தெளிவாக இருந்தால் அழற்சி தாரையின் முன்பகுதியில் இருக்கிறது என்று கொள்ளலாம். இரண்டுமே கலங்கினால் இன்னும் உள்ளே பார்க்க வேண்டும். இரண்டும் தெளிவென்றால், கடுப்புக்குக் காரணம் சீழ் அல்லாத வேறு ஏதோ என்ற சந்தேகம் வலுக்கும். உறுதியான தீர்ப்பு இதில் கிடைக்காது. எந்தத் திசையில் போவது என்பது தெரியும். இங்கே அடிக்கடி நடக்கும் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு நடுநீர் பிடிக்க வேண்டும். தாரைத் தொற்றுக்கு முதலில் வரும் 20, 30 மில்லிதான் வேண்டும். எல்லோரிடமும் நடுநீரையே வாங்கிச் சோதித்து ‘நார்மல்’ என்று எழுதிவிட்டால், தாரையில் இருக்கும் கிருமி கண்ணில் படாமலே போகும்.

தழும்பு விழுந்துவிட்டதா?

கிருமி செத்திருக்கலாம், அது விட்டுப்போன தழும்பு தன் வேலையைக் காட்டும். ஆண்களுக்குச் சிறுநீர்த் தாரையின் சுவரில் தழும்பு இறுகி வழி குறுகிவிடும். வெட்டை வந்துபோய்ப் பல ஆண்டுகள் கழித்துக்கூட இது தலைகாட்டலாம். வரும் நீர் நூலாக மெலியும், இரண்டாகப் பிரிந்து தெறிக்கும், முக்கி முக்கிப் போக வேண்டியிருக்கும், பை முழுதாகக் காலியாகாது. தேங்கிய நீரில் புதுத் தொற்று வரும். அதற்கு மருந்து கொடுத்தால் இரண்டு வாரம் தேவலை, பிறகு பழைய கதை. எத்தனை மாத்திரை விழுங்கினாலும் தழும்பு கரையாது. சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே படத்தில் அடைப்பு எங்கே, எவ்வளவு நீளம் என்று தெரிந்துவிடும். அதை விரிவுபடுத்தவோ அறுவைச் சிகிச்சையில் சீரமைக்கவோ முடியும்.

பெண்களுக்கு இந்தத் தழும்பு கருக்குழாய்களில் விழுகிறது, விளைவும் பெரியது. சுவீடனின் லுண்டு நகரில் 1960 முதல் 1984 வரை இடுப்புக்குழி அழற்சி வந்த பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், ஒருமுறை மட்டும் அழற்சி வந்தவர்களில் சுமார் 8 சதவீதம் பேருக்குக் கருக்குழாய் அடைப்பால் குழந்தையின்மை ஏற்பட்டது. இருமுறை வந்தவர்களில் அது சுமார் 20 சதவீதம். மூன்று முறையோ அதற்கு மேலோ வந்தவர்களில் சுமார் 40. அமெரிக்காவில் 831 பெண்களை வைத்து நடத்திய இன்னொரு பெரிய ஆய்வில், முறையான ஆன்டிபயாடிக் கொடுத்த பிறகும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு இடுப்புவலி நீடித்தது. ‘மறுபடி வலிக்கிறது’ என்று ஒரு பெண் சொல்லும்போது புதுத் தொற்றா, பழைய தழும்பா என்று பிரித்தறிவது குழந்தைப்பேற்றையும் உயிரையும் தொட்ட விஷயம். கருக்குழாயில் கரு தங்கும் ஆபத்தும் இந்தத் தழும்பினால்தான் கூடுகிறது.

நரம்பும் தசையும் அடங்கவில்லையா?

கிருமியும் இல்லை, அடைப்பும் இல்லை, வலி மட்டும் இருக்கிறது என்றால்? 2006இல் தமிழ்நாட்டில் சிக்குன்குனியா வந்தவர்களைக் கேட்டால் தெரியும். காய்ச்சல் சில நாளில் விட்டது. மூட்டுவலி மாதக்கணக்கில் விடவில்லை. அதைக் கற்பனை என்று யாரும் சொல்லவில்லை. இடுப்புக்குழியிலும் இப்படி ஒரு நிலை உண்டு. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகியவற்றைக் கீழிருந்து தொட்டில்போலத் தாங்கும் தசைகள், அழற்சி இருந்த நாட்களில் வலிக்குப் பயந்து இறுகிப் பழகியவை, அழற்சி அடங்கிய பிறகும் தளராமல் இருக்கலாம். அங்கிருந்து சேதி கொண்டுபோகும் நரம்புகளும், சாதாரண நீர் நிரம்பலையே வலி என்று சொல்லும் அளவுக்குக் கூர்மையேறிவிடும். ஆண்களின் புராஸ்டேட் தொந்தரவுகளை அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் 1995இல் கூட்டிய கூட்டம் நான்கு வகையாகப் பிரித்தது. அதில் மூன்றாவது, கிருமி அகப்படாத நாட்பட்ட இடுப்புக்குழி வலி. புராஸ்டேட் அழற்சி என்று வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் இந்த வகையில்தான் அடங்குவார்கள்.

இவர்களுக்கு ஆன்டிபயாடிக் உதவுமா என்பது சோதித்தே பார்க்கப்பட்டிருக்கிறது. நெடுநாள் வலியுள்ள 196 ஆண்களுக்கு ஆறு வாரம் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக், சிறுநீர்ப் பாதையைத் தளர்த்தும் டாம்சுலோசின், இரண்டும் சேர்த்து, அல்லது வெறும் போலி மாத்திரை என்று பிரித்துக் கொடுத்த ஆய்வு 2004இல் வெளியானது. போலி மாத்திரையைவிட எந்த மருந்தும் குறிப்பிடத்தக்க அளவு மேலாக இல்லை. மாறாக, வலிமிகு சிறுநீர்ப்பைத் தொந்தரவுள்ள 81 பெண்களிடம் 2012இல் வெளியான ஆய்வில், இடுப்புத்தளத் தசைகளைத் தொட்டுத் தளர்த்தும் பிசியோதெரபி பெற்றவர்களில் 59 சதவீதம் பேர் தேறினார்கள். சாதாரண உடல் மசாஜ் பெற்றவர்களில் 26 சதவீதம் பேர்தான். தளர்த்துவதுதான் இங்கே சிகிச்சை என்பதைக் கவனிக்க வேண்டும். இறுகிய தசை உள்ளவருக்கு மேலும் இறுக்கிப் பயிற்சி செய்யச் சொன்னால் வலி கூடலாம்.

‘கிருமி இல்லை’ என்பது ‘மனசு’ என்பதன் நாகரிகமான பெயர்தானே என்று ஒருவர் கேட்கலாம். மனநிலைக்குப் பங்கே இல்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். கோவாவில் விக்ரம் பட்டேல் குழுவினர் சுமார் 2,500 பெண்களிடம் நடத்திய ஆய்வில், வெள்ளைபடுதல் என்ற குறைக்கும் தொற்றுக்கும் இருந்ததைவிட, அந்தக் குறைக்கும் மனச்சோர்வு, குடும்ப நெருக்கடி ஆகியவற்றுக்கும் இடையே தொடர்பு வலுவாக இருந்தது. ஆனால் மனச்சோர்வு வலியைக் கூட்டுகிறது என்பது வேறு. வலியே இல்லை என்பது வேறு. பால்வினை நோய் என்றாலே குற்ற உணர்வு கூடவே வரும். தாது நஷ்டம் என்ற பயம் அதன்மேல் ஏறும். இந்தப் பயத்தைக் காசாக்கத்தான் பஸ் நிலையச் சுவர்களில் ‘வெட்டை, நரம்புத் தளர்ச்சி, ஆண்மைக் குறைவு’ என்று நோட்டீஸ் ஒட்டி, லாட்ஜில் அறை போட்டு உட்காரும் வைத்தியர்கள் இருக்கிறார்கள். மருத்துவமனை ‘ஒன்றுமில்லை’ என்று கதவைச் சாத்தும்போது அந்த நோட்டீஸ் கதவைத் திறக்கிறது. ‘கிருமி போய்விட்டது, தசையும் நரம்பும் இன்னும் அடங்கவில்லை, அதற்கு வழி இருக்கிறது’ என்று ஐந்து நிமிடம் உட்கார்ந்து சொல்வதும் சிகிச்சையின் பகுதிதான்.

இன்னும் கனமான மறுப்பு ஒன்று உண்டு. மலையில் ஆய்வகம் எங்கே இருக்கிறது? அறிகுறியைப் பார்த்து உடனே மருந்து கொடுக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் பரப்பியதே இப்படிப்பட்ட இடங்களுக்காகத்தானே? நோயாளி மறுபடி வருவாரோ மாட்டாரோ, வந்தபோதே கொடுத்து அனுப்புவதுதானே புத்திசாலித்தனம்? முதல் முறைக்கு இந்த வாதம் முற்றிலும் சரி. அந்த முறை எத்தனையோ பேரின் கருக்குழாயைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் அது முதல் சந்திப்புக்கென வகுக்கப்பட்ட முறை. சரியான மருந்தைச் சரியாகச் சாப்பிட்டும் தீராதவர், அந்த முறையின் எல்லையைத் தன் உடம்பிலேயே காட்டுகிறார். அவரிடம் அதையே திருப்பிச் செய்வதில் கேடு இல்லாமலும் இல்லை. சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் குடும்பத்து மருந்துகள் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். சிறுநீரகத்திலோ கருக்குழாயிலோ காசநோய் உள்ள ஒருவருக்கும் நீர்க்கடுப்பு, அடிவயிற்று வலி என்று தொடங்கலாம்; சிறுநீரகத்தில் என்றால் சிறுநீரில் சீழணுக்கள் இருக்கும், சாதாரண வளர்ப்புச் சோதனையில் எதுவும் முளைக்காது. அவருக்கு இந்த மாத்திரையைக் கொடுத்தால் சில வாரம் தேவலையாகும். நோய் கண்டறிவது மாதக்கணக்கில் தள்ளிப்போகும். காசநோய் மலிந்த நாட்டில் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று எழுதும் ஆன்டிபயாடிக்கின் விலை இது.

மலையில் என்ன செய்ய முடியும்?

எல்லா வசதியும் மலைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆளை இறக்குவதற்குப் பதில் மாதிரியை இறக்கலாம். காசநோய்த் திட்டத்தில் சளி மாதிரியைச் சுகாதார நிலையத்திலிருந்து பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. சிறுநீரை இரண்டு மணி நேரத்துக்குள் சோதிக்க வேண்டும். குளிர்ப்பெட்டியில் வைத்தால் ஒரு நாள் வரை தாங்கும். தடுப்பூசி கொண்டுவரும் பெட்டி எல்லாச் சுகாதார நிலையத்திலும் உண்டு. திரும்பி வருகிற நோயாளியிடம் முதல்நீர் ஒரு குப்பியிலும் நடுநீர் ஒரு குப்பியிலும் வாங்கி, சர்க்கரை இருக்கிறதா என்று அங்கேயே பார்த்து, சந்தேகமிருந்தால் காசநோய்க்கும் சேர்த்து அனுப்பினால், அவர் இறங்கவேண்டிய பயணங்கள் ஒன்றாகவோ பூஜ்யமாகவோ குறையும்.

பிசியோதெரபியும் மலைக்கு எட்டாததல்ல. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீடு தேடிப் போய் இயன்முறை சிகிச்சை அளிப்பதும் ஒரு பகுதி. பக்கவாதத்துக்கும் முழங்கால் வலிக்கும் போகிற அதே சிகிச்சையாளருக்கு இடுப்புத்தளத் தசையைத் தளர்த்தும் மூச்சுப் பயிற்சியையும் உடற்பயிற்சியையும் கற்றுக்கொடுப்பது பெரிய செலவு பிடிக்கிற காரியமில்லை. பெண்களிடம் பேசப் பெண்ணே இருக்க வேண்டும் என்பதை சி.எம்.சி. ஆய்வு அன்றே சொல்லிவிட்டது. ரகசியம் காக்கப்படும் அரசு ஆலோசனைக்கு 1097 என்ற கட்டணமில்லாத தொலைபேசி எண்ணும் இருக்கிறது.

நோயாளியின் பங்கும் இதில் உண்டு. முதலில் சாப்பிட்ட மாத்திரையின் அட்டையைத் தூக்கி எறியாமல் கொண்டுபோவது, துணை மருந்து சாப்பிட்டாரா என்பதை மறைக்காமல் சொல்வது, கடைக்காரரிடம் சொல்லி வாங்கிய மாத்திரையையும் கணக்கில் சேர்ப்பது ஆகிய மூன்றும் மருத்துவரின் பாதி வேலையைக் குறைக்கும். நீர் அடியோடு அடைபடுவது, குளிர்க்காய்ச்சலோடு இடுப்புவலி, சிறுநீரில் ரத்தம், திடீரென விரையில் கடும் வலி, நாள் தள்ளிப்போன பெண்ணுக்கு ஒருபக்க அடிவயிற்றில் பொறுக்க முடியாத வலி என்றால் சோதனை, யோசனை எதற்கும் நேரமில்லை. 108ஐ அழைத்து அன்றே இறங்க வேண்டும். அப்படி அவசரம் எதுவுமில்லாமல் தொந்தரவு மட்டும் நீடிக்கிறவர், அடுத்த மாத்திரைச் சீட்டு நீட்டப்படும்போது ‘டாக்டர், இது எந்தக் கிருமிக்கு? அது இருக்கிறதா என்று பார்த்தோமா?’ என்று கேட்க உரிமை உள்ளவர். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய நிலையில் ஜமுனாமரத்தூரின் சுகாதார நிலையத்தை வைப்பது அரசின் கடமை. அதற்குப் புதிய கட்டடம் வேண்டாம். ஒரு குளிர்ப்பெட்டியும், இரண்டு குப்பியும், உட்கார்ந்து பேச ஒரு தனி அறையும், திரும்பி வந்தவரை முதல் முறை வந்தவரைப் போலவே நடத்தக்கூடாது என்ற ஓர் உத்தரவும் போதும்.